இடது பக்கத்து வியர்வை

தினேஷ்,

சுகமா என்று கேட்டு ஆரம்பிக்க மனம் வரவில்லை. நீ சுகமாகத்தான் இருக்கிறாய். போன சனிக்கிழமை கல்யாணக் கோட்டைப் போட்டுக்கொண்டு இந்தச் சின்னக் காம்பராவுக்குள் முன்னும் பின்னும் திரும்பிக் காட்டினாய். தோள் கொஞ்சம் இறுக்கம், தையல்காரரிடம் சொல் என்றேன். நீ தலையை ஆட்டிவிட்டு, "சரிம்மா, சரிம்மா, நல்லாயிருக்குல்ல" என்றாய். நான் சொன்னது உனக்கு விளங்கவில்லை. விளங்காவிட்டாலும் தலையாட்டுவது, நான் சொல்லாததைச் சொன்னதாக மற்றவர்களுக்கு எடுத்துச் சொல்வது, இரண்டும் உனக்கு நன்றாகப் பழகிவிட்டன. அதனால்தான் எழுதுகிறேன். வாய் கோணினாலும் வலது கை கோணவில்லை. தாளைப் பிடிக்க இடது கை உதவாது, அதன் மேல் உப்புப் போத்தலை வைத்திருக்கிறேன். மூன்று நாளாக எழுதுகிறேன். எழுத்து மோசம் என்று பாதியில் மடித்து வைத்துவிடாதே.

பிள்ளைக்குக் கல்யாணம் என்றால் பெற்றவர்கள் புத்திமதி எழுதுவார்கள். பெண்டாட்டி மேல் கைநீட்டாதே, குடிக்காதே, மாமனாரை மதி. உனக்கு நான் சொல்ல வேண்டிய புத்திமதி ஒன்றுதான், அதுவும் மாமனாரைப் பற்றியது. அந்த மனுஷனைக் கொல்லாதே.

செவ்வாய்க்கிழமை சுகந்தி வந்திருந்தாள். பல்லேபொலையிலிருந்து இரண்டு பஸ் மாறி, ஒரு பை ரம்புட்டான் சுமந்துகொண்டு வந்தாள். கல்யாணத்துக்கு இன்னும் பன்னிரண்டு நாள்தானே, மாமியைப் பார்த்துவிட்டு வரலாம் என்று வந்தாளாம். ரம்புட்டானை உரித்து, கொட்டையை எடுத்துவிட்டு, ஒவ்வொன்றாக என் வாயில் வைத்தாள். பேச்சோடு பேச்சாகச் சொன்னாள்: "அப்பா இப்ப ஆஸ்பத்திரிக் குளிசை எல்லாத்தையும் விட்டுட்டாரு மாமி. மூணு மாசமாச்சு. உங்க மகன்தான் சொன்னாரு, அவரு குடுத்த எண்ணெயும் குளிசையும் ஒத்துக்காது, ரெண்டையும் சேத்தா ரெண்டும் வேலை செய்யாதுன்னு. நீங்களும் அப்பிடித்தானே எழும்பினீங்க."

இல்லை என்றேன். இல்லை, இல்லை, குளிசையை விடக்கூடாது என்று என்னால் முடிந்த மட்டும் கத்தினேன். வாயிலிருந்து எச்சிலும் சத்தமும்தான் வந்தன. அவள் துவாயை எடுத்து என் வாயைத் துடைத்தாள். "அழாதீங்க மாமி. அப்பாவும் உங்கள மாதிரியே நல்லாயிருவாரு" என்றாள். கையால் சைகை காட்டினேன். தண்ணீர் கேட்கிறேன் என்று நினைத்துத் தண்ணீர் கொடுத்தாள். எழுதிக் காட்டத் தாளுக்குக் கை நீட்டுவதற்குள், கடைசிப் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டாள். அன்று இரவு முழுவதும் நான் உன்னைத் திட்டிக்கொண்டே கிடந்தேன். பக்கத்துக் காம்பரா புஷ்பம், எனக்குத் தலை கழன்றுவிட்டது என்று நினைத்திருப்பாள்.

நீ செய்ததை நீ ஒரு தரமாவது முதலிலிருந்து வரிசையாகப் படிக்க வேண்டும். ஒவ்வொரு நாளையும் தனித்தனியாக வைத்துக்கொண்டு, அன்று என்ன பெரிதாகச் செய்துவிட்டேன் என்று கேட்கிறவன் நீ.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், வெள்ளைக்காரர்களுக்கு எண்ணெய் விற்கிற அந்த ஸ்பைஸ் கார்டனில் பாயில் உட்கார்ந்து மிளகு புடைத்துக்கொண்டிருந்தேன். சுளகு இடது கையிலிருந்து நழுவியது. எடுக்கப் போனேன், கை போகவில்லை. நீதான் கைடு வேலையை விட்டுவிட்டு ஓடிவந்து தூக்கினாய். ஆஸ்பத்திரி வாட்டில் இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, நர்ஸ் மிஸ்ஸி என் சட்டையை மாற்றும்போதுதான் கண்டாள். உடம்பில் நடுவில் கோடு போட்டுப் பிரித்த மாதிரி, இடது பக்கம் முழுக்க வியர்த்து ஊற்றுகிறது, வலது பக்கம் காய்ந்து கிடக்கிறது. நெற்றியில் இடது பாதி நனைந்திருக்கிறது, பொட்டின் வலது பாதிகூடக் கலையவில்லை. அந்தக் கை வியர்வையில் ஊறியிருந்தாலும் தொட்டால் ஐஸ் மாதிரி இருந்தது. மிஸ்ஸிமார் வேறு வாட்டிலிருந்தெல்லாம் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

டொக்டர் நோனா உன்னை நிற்கவைத்துச் சிங்களத்தில் சொன்னது உனக்கு ஞாபகம் இருக்கும், எனக்கும் இருக்கிறது. மூளையில் இரத்தம் அடைத்த இடத்தில், வியர்வையை அடக்கிவைக்கிற நரம்பும் சேர்ந்து கெட்டிருக்கிறது. ஸ்ட்ரோக் வந்தவர்களில் சில பேருக்குத்தான் இப்படி வரும். பயப்பட வேண்டாம், மாதங்கள் போகத் தானாகக் குறையும், மருந்து தேவையில்லை. எழும்பும்போது பிரஷர் சட்டென்று இறங்கி மயக்கம் வரும், அதனால் கொஞ்ச நேரம் உட்காரவைத்து, பிறகு மெதுவாக எழுப்ப வேண்டும். குளிசையை மட்டும் ஒரு நாளும் விடக்கூடாது, விட்டால் அடுத்த தரம் ஆள் மிஞ்சமாட்டாள். இந்தக் கடைசி வசனத்தை அந்தப் பிள்ளை மூன்று தரம் சொன்னாள். நீ மூன்று தரமும் "ஹரி மிஸ், ஹரி மிஸ்" என்று சரி சொன்னாய்.

அந்த முதல் மாதம் நீ என்னைப் பார்த்துக்கொண்ட மாதிரி எந்த மகளும் பார்த்திருக்கமாட்டாள். அதைச் சொல்லாவிட்டால் நானும் உன்னை மாதிரிப் பொய்க்காரியாகிவிடுவேன். தலையணை உறையை ஒரு நாளைக்கு நாலு தரம் மாற்றினாய். இடது அக்குளில் புண் வந்துவிடும் என்று துடைத்துத் துடைத்துப் பவுடர் போட்டாய். என்னைக் கழுவிவிட்டுப் பின்பக்கம் போய் நின்று அழுதாய், எனக்குக் கேட்டது. அந்தத் தினேஷை நினைக்கும்போதுதான் உன் மேல் இன்னும் ஆத்திரம் வருகிறது. உனக்கு என் வேதனை தெரியாமல் இருந்திருந்தால் மன்னித்திருப்பேன்.

வீட்டில் தனியாக விட முடியாது என்று கார்டனுக்குக் கூட்டிப் போனாய். அதுவரை சரி. எண்ணெய் விற்கிற கொட்டகையில் ஒரு கதிரையில் உட்காரவைத்தாய். ஒரு வெள்ளைக்கார அம்மா என்னைப் பார்த்து, ஏன் இவளுக்குப் பாதி முகம் நனைந்திருக்கிறது என்று கேட்டாள். நீ ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. சிவப்பு எண்ணெயை இந்தப் பக்கம் மட்டும் பூசுகிறோம், இரத்தம் ஓட ஆரம்பித்து நஞ்சு வியர்வையாக இறங்குகிறது, அந்தப் பக்கம் இன்னும் பூசவில்லை என்றாய். அவள் என் இரண்டு கன்னத்தையும் தொட்டுப் பார்த்தாள். அவளோடு வந்த அத்தனை பேரும் தொட்டுப் பார்த்தார்கள். ஆளுக்கு இரண்டு போத்தல் வாங்கினார்கள். முதலாளி அன்று உனக்குத் தன் மேசையில் சோறு போட்டார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? தலையாட்டினேன். நீ "இஸ் குட், அம்மா?" என்று கேட்டாய், நான் தலையாட்டினேன். ஒரு கை விளங்காமல் மூலையில் கிடந்தவளுக்கு வேலை கிடைத்த சந்தோஷம். உனக்கு அந்தப் பொய் சட்டென்று வந்ததில் என்ன ஆச்சரியம், சொல்லிக்கொடுத்ததே நான்தான். நீ கைடாகச் சேர்ந்த புதிதில் வெள்ளைக்காரர்கள் எண்ணெயை நம்பமாட்டேன் என்கிறார்கள் என்று முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றாய். நான் மிளகுப் பாயிலிருந்து எழும்பி வந்து முழங்காலைத் தட்டி, "பிபோர் நோ வோக், நவ் வோக்" என்று நடந்து காட்டினேன். என் முழங்காலுக்கு ஒரு கேடும் இருந்ததில்லை. அன்று இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தோம். அந்தச் சிரிப்புக்கு என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

பிறகு தினமும் அதுவே வேலையாகிவிட்டது. வேன் வாசலில் திரும்பும் சத்தம் கேட்டதும் இடது பக்கம் எண்ணெய் பூசுவாய், வலது பக்கத்தைத் துவாயால் துடைத்து இன்னும் காயவைப்பாய். "டச், மேடம், டச். திஸ் சைட் ஆயில். தட் சைட் நோ ஆயில்." ஊரில் மாடு வாங்குகிறவர்கள்கூட அவ்வளவு பேர் அப்படித் தொட்டுப் பார்ப்பதில்லை. கூட்டம் பெரிதாக இருந்தால் என்னை எழுப்பி நிறுத்துவாய், பத்து நாளில் எழும்பிவிட்டாள் என்பாய். மெதுவாக எழுப்பச் சொன்னாளே அந்த டொக்டர். மெதுவாக எழுப்பினால் பார்க்கிறவர்களுக்கு நன்றாக இருக்காதே. அக்குளில் கை கொடுத்து ஒரே தூக்காகத் தூக்குவாய். எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வரும், கைதட்டுகிற சத்தம் தூரத்தில் கேட்கும். ஒரு நாள் அப்படியே மயங்கி உன் காலடியில் விழுந்து சேலையிலேயே மூத்திரம் போய்விட்டேன். நீ அவர்களிடம், சந்தோஷத்தில் அழுகிறாள் என்றாய். ஒருத்தி படம் எடுத்தாள். நீ அவளைத் தடுக்கவில்லை, என் முகத்தை அவள் பக்கம் திருப்பிவிட்டாய்.

ஏழெட்டு மாதத்தில் டொக்டர் சொன்னபடியே வியர்வை குறைய ஆரம்பித்தது. ஒரு காலை எழும்பினால் தலையணை இரண்டு பக்கமும் காய்ந்திருக்கிறது. உன்னைக் கூப்பிட்டுக் காட்டினேன். அன்று உன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீ. தாய்க்குச் சுகமாகிவிட்டது என்று வாடிப்போன பிள்ளையை அன்றுதான் பார்த்தேன். "என்னம்மா இது, இன்னிக்கு ரெண்டு பஸ் வருது" என்றாய்.

அன்றிலிருந்து வேன் வருவதற்கு முன்னால் பச்சைக் கொச்சிக்காயும் மிளகும் இடித்துப் போட்ட சம்பலைச் சோற்றில் பிசைந்து ஊட்டினாய். காரம் பட்டால் இடது நெற்றியில் மட்டும் கொஞ்சம் கசியும், அதைக் கண்டுபிடித்தவன் நீ. எனக்கு விழுங்குவதே கஷ்டம், புரை ஏறிக் கண் பிதுங்கும். அதுவும் நின்றுபோனபோது கறுவாப்பட்டை எண்ணெயை எடுத்தாய். தண்ணீர் கலக்காத, வடித்த கறுவா எண்ணெய். பெரிய ஆம்பிள்ளைகள்கூடக் கையுறை போட்டுக்கொண்டு போத்தலில் ஊற்றுவார்களே, அது. என் இடது கன்னத்தில் பூசினாய். கன்னம் சிவந்தது, பார்த்தவர்கள் இரத்தம் ஓடுகிறது என்றார்கள். எனக்கு அந்தப் பக்கம் சூடு குளிர் தெரியாது, வலி தெரியாது. அது உனக்குத் தெரியும். சாயந்தரம் கன்னத்தில் கொப்புளம் வந்து உடைந்து தண்ணீர் காதுக்குள் இறங்கியபோதுதான் எனக்கே தெரிந்தது. மறுநாள் கொப்புளத்தைச் சுற்றிப் பூசினாய்.

கிளினிக்கில் அதே டொக்டர் நோனா கன்னத்தைப் பார்த்துக் கேட்டாள், அம்மே இது எப்படி என்று. நீ கதவுக்கு வெளியே நம்பர் துண்டோடு நின்றிருந்தாய். அவள் என் பேச்சு விளங்கும்வரை காத்திருக்கிறவள், நான் சொல்லியிருக்கலாம். அடுப்பு என்றேன். அடுப்பில் பட்டுவிட்டது என்றேன். உன்னைக் காப்பாற்றினேன் என்று அன்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அடுத்த வாரம் எண்ணெயைப் பற்றிக் கேள்விப்பட்டு, பல்லேபொலையிலிருந்து சுகந்தியின் அப்பா ஆட்டோவில் வந்து இறங்கினார்.

லொறி ஓட்டிய மனுஷன், வலது கை தொங்கிப்போய், காலை இழுத்துக்கொண்டு மகளின் தோளைப் பிடித்து வந்தார். வெள்ளைக்காரர்களிடம் பொய் சொன்னால் ஒரு போத்தல் எண்ணெயோடு ஊருக்குப் போய்விடுவார்கள், பிறகு மறந்துவிடுவார்கள் என்று நான் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் நம் ஆள். என் எதிரில் உட்கார்ந்து, "அக்கா, உண்மையாவே இந்த எண்ணெயிலதான் எழும்பினீங்களா?" என்று கேட்டார். சுகந்தி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டிருந்தாள். நீ அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாய். உனக்கு அவளைப் பிடித்துவிட்டது, எனக்குத் தெரிந்தது. நான் தலையாட்டினேன். என் மகனுக்கு நல்ல இடம் அமையட்டும் என்று ஆட்டினேன். பிறகு நீயே அவர்களிடம் உண்மையைச் சொல்லிவிடுவாய் என்று நினைத்தேன். நிச்சயதார்த்தத்துக்குப் பிறகு சொல்வாய், அழைப்பிதழ் அடித்த பிறகு சொல்வாய் என்று நாளை ஓட்டினேன். சொந்தமாகிவிட்டவரை எப்படி ஏமாற்றுவாய்? நீ சும்மா இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை. மருமகனாக வரப்போகிறவன் கொடுக்கிற எண்ணெய்க்குப் பெயர் கெடக்கூடாது என்று அவருடைய குளிசையையும் நிறுத்தினாய்.

தினேஷ், என் குளிசையை நீ ஒரு நாளாவது நிறுத்தினாயா? என்னை வீட்டில் விட்டுவிட்டுக் கார்டனிலேயே தங்க ஆரம்பித்த பிறகும் ஒவ்வொரு சனிக்கிழமையும் வந்து, ஏழு நாளுக்கும் காலை, மதியம், இரவு என்று பிரித்துத் தாளில் மடித்துப் புஷ்பத்திடம் கொடுக்கிறாய். "ஒரு வேளையும் தப்பக் கூடாதுக்கா" என்று அவளை மிரட்டுகிறாய். கார்டனில் யாரும் பார்த்துவிடக்கூடாது என்று என் மதியக் குளிசையை எண்ணெய்ப் பெட்டிக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தாய். என்னைக் காப்பாற்றுவது எது என்று உனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் அந்த மனுஷனிடமிருந்து அதைப் பிடுங்கினாய். உன் தாய் உயிரோடிருக்க வேண்டும், சுகந்தியின் தகப்பன் உன் வியாபாரம் கெடாமல் சாக வேண்டும். உன்னைப் பெற்ற வயிற்றை என்ன செய்வது என்று இந்த மூன்று நாளும் யோசித்துப் பார்த்தேன்.

நீ சொல்லப்போகும் பதிலும் எனக்குத் தெரியும். கல்யாணம் முடியட்டும்மா, பிறகு மெதுவாகச் சொல்லி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறேன் என்பாய். கல்யாணத்துக்குப் பிறகு அவர் விழுந்தால், விதி என்பாய். தலைமாட்டில் நின்று அழுவாய், நிஜமாகவே அழுவாய், உனக்கு அழத் தெரியும். சுகந்தி உன் தோளில் சாய்ந்து அழுவாள். அந்த வீட்டில் நான் ஒரு கதிரையில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். உனக்காக இதுவரை இரண்டு முக்கியமான இடத்தில் பொய் சொல்லிவிட்டேன். மூன்றாவது தரம் என்னால் ஆகாது.

உன்னிடம் நான் கேட்கவேண்டிய கேள்வியெல்லாம் கேட்டாகிவிட்டது, நீ பதில் சொல்லவேண்டியது எனக்கு இல்லை, சுகந்திக்கு. நேற்று ஒரு துண்டில் எழுதிக் கொடுத்து, புஷ்பத்தின் போனில் சுகந்திக்குச் சொல்லி அனுப்பினேன், மாமி உடனே வரச் சொல்கிறாள் என்று. இன்று பத்து மணிப் பஸ்ஸில் வருகிறாள். இந்தக் கடிதத்தை அவள் கையில் கொடுக்கப்போகிறேன். உறையை ஒட்டவில்லை. மேலே தனித்தாளில் அவளுக்கு எழுதியிருக்கிறேன்: இதை என் முன்னாலேயே உட்கார்ந்து கடைசிவரை வாசி. வாசித்ததும் அப்பாவை இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போ. குளிசையை நிறுத்தி எத்தனை நாள் என்று டொக்டரிடம் மறைக்காமல் சொல். மற்றதெல்லாம் பிறகு.

அவள் வாசிக்கும்போது நான் எதிரில் இருப்பேன். என்னைக் காறித் துப்பினாலும் வாங்கிக்கொள்வேன், எனக்கும் அதில் பங்கு இருக்கிறது.

வாசித்து முடித்த பிறகு இதை உன்னிடம் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன். யார் கையில் வருகிறது என்று பார். சுகந்தியே கொண்டுவந்து தந்தால், அவள் கேட்பதற்கெல்லாம் ஒரு தரமாவது உண்மையைச் சொல். புஷ்பம் கொண்டுவந்து தந்தால், மண்டபத்துக்காரருக்குப் போன் எடுத்துக் கல்யாணம் இல்லை என்று சொல்லிவிடு. பல்லேபொலைக்குப் போய் அவர்கள் வாசலில் நிற்காதே.

அம்மா